டப்பாவின் பின்பக்கம்

வெயில் பக்கம் உக்காராதீங்க நர்ஸம்மா, இந்தப் பக்கம் வாங்க. டீ போட்டுட்டேன், சர்க்கரை போடல. இப்பல்லாம் எங்க வீட்ல யாரும் டீக்குச் சர்க்கரை போடுறதில்ல. வர்ற விருந்தாளிங்க முதல் வாய்லயே முகத்தைச் சுளிக்கிறாங்க. கஞ்சப் பிசினாறின்னு பேரு வாங்கினாலும் பரவாயில்லன்னு விட்டுட்டேன். நீங்க குடிப்பீங்க, நீங்கதானே எங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது.

எங்க வீட்டு இளையவ நாபு உங்ககிட்ட வந்து அழுதாளாமே. தெரியும். தன் கையாலதான் எங்க வீட்டுக்காரர் கால் போச்சுன்னு மார்ல அடிச்சுக்கிட்டு அழுதிருப்பா. எங்க போனாலும் அதையேதான் சொல்றா. மீன் வாங்கப் போனாலும் சொல்றா, தண்ணி பிடிக்கப் போனாலும் சொல்றா. வகுப்புல முதல் வரிசையில உக்காந்து கேட்ட பொண்ணு, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படிச்ச பொண்ணு, அவ சமைக்கிற வீட்ல எப்படி இப்படி ஆச்சுன்னு உங்களுக்கு ஒரே குழப்பம். அதைக் கேக்கத்தான் வந்திருக்கீங்க. சொல்றேன். ஆதியில இருந்து சொல்றேன், நடுவுல நிறுத்தாதீங்க. டீ ஆறிடும், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

என் வீட்டுக்காரர் மசாம்பாவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. நம்ம ரூஃபிஸ்க் ஊர்ல அவர் டாக்ஸியில ஏறாதவங்க கம்மி. டக்கார் போற ரோட்டுல எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாரு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப டாக்ஸியும் கிடையாது, இந்த வீடும் கிடையாது. ஒத்த ரூம், ஓட்டைத் தகரம். என் வளையலை வித்துத்தான் முதல் வண்டி வாங்கினாரு. சொல்லிக் காட்டுறேன்னு நினைக்காதீங்க. சொல்லிக் காட்டக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

எங்க மூத்த பொண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பின கொஞ்ச நாள்ல, அவரு நாபுவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. மார்க்கத்துல தப்பில்ல. ஒளிச்சு மறைச்சும் பண்ணல, என்கிட்டச் சொல்லிட்டுத்தான் பண்ணினாரு. புதுத்துணி, வாசனைச் சாமான், மூத்தவளுக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் செஞ்சாரு. நானும் என் பங்கைச் செஞ்சேன். அவ வந்த அன்னைக்கு வாசல்ல போய் நின்னு கையைப் பிடிச்சு உள்ள அழைச்சுட்டு வந்தது நான். தண்ணி கொடுத்தது நான். பார்த்த பொம்பளைங்க எல்லாம், மூத்தவன்னா பெந்தா மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க. அந்தப் பேரை நான் சும்மா வாங்கல நர்ஸம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டு வாங்கினேன்.

அவளுக்காக மாடி எடுத்தாரு. படி வெளிப்பக்கம், தெருவைப் பார்த்த மாதிரி, செங்குத்தா ஏறும். நீங்க ஒரு தடவை ஏறிட்டு மூச்சு வாங்கினீங்களே, அதே படிதான். எனக்குக் கீழ், அவளுக்கு மேல். ரெண்டு நாள் என் முறை, ரெண்டு நாள் அவ முறை. சாயங்காலச் சமையல்ல இருந்து முறை மாறும். யாரு முறையோ அவ சமைப்பா, மொத்த வீடும் ஒரே தாம்பாளத்தைச் சுத்தி உக்காந்து சாப்பிடும், அவ ரூம்ல அவரு படுப்பாரு. ஒருத்தி ரூமுக்குள்ள இன்னொருத்தி நுழைய மாட்டா. ஒருத்தி கட்டில்ல இன்னொருத்தி உக்காரவே மாட்டா. எங்கயும் எழுதி வெக்கல, ஆனா இதை மீறின குடும்பத்தை நானும் பார்த்ததில்ல, நீங்களும் பார்த்திருக்க மாட்டீங்க.

உங்களுக்குச் சக்களத்தி கிடையாது. அதனால இது உங்களுக்கு முழுசாப் புரியாது, அது உங்க தப்பில்ல. என் கட்டிலுக்கு நேர் மேல அவ கட்டில். அவ சாம்பிராணி போட்டா அந்த வாசனை படி வழியா இறங்கி என் ரூமுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அவரு சிரிக்கிறது கேக்கும். என்கூட இருக்கிறப்ப அவரு அப்படிச் சிரிச்சதில்ல, குறட்டைதான் விடுவாரு. குறட்டையாவது நமக்குன்னு இருக்கேன்னு நினைச்சுக்குவேன். வயிறு எரியும். நிஜமாவே எரியும், உங்ககிட்டயே ஒரு தடவை வந்து அதுக்கு மாத்திரை வாங்கிட்டுப் போனேன்.

நாபு கெட்டவ இல்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன். பெருநாளைக்கு எனக்குத் தலை பின்னி விடுவா. அக்கா அக்கான்னு கூப்பிடுவா. நான் உக்காராம அவ உக்கார மாட்டா. கொஞ்சம் வாய்த்துடுக்காவோ திமிராவோ இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும். சண்டை போட்டுத் தீத்துக்கிட்டிருப்பேன். சண்டைக்கு ஒரு இடம் கூட விடாம நல்லவளா இருந்துட்டா, அது ஒரு பெரிய தொல்லை.

அவருக்குச் சுகர் இருக்குன்னு நீங்க கண்டுபிடிச்சது அப்பத்தான். அதுக்கப்புறம் நீங்க மாதர் சங்கத்துல வகுப்பு எடுத்தீங்க. மேசை மேல கடைச் சாமான்களைப் பரப்பி வெச்சிருந்தீங்க. தக்காளி சாஸ், மயோனைஸ், சூப் கட்டி, வெண்ணிலாத் தயிர், குழந்தைங்க சத்துமாவு, சர்க்கரையே சேர்க்கலன்னு பெருசா அச்சடிச்ச பிஸ்கட். முன்பக்கம் விக்கிறவனோடது, பின்பக்கம்தான் உங்களோடது, அதைப் படிங்கன்னு சொன்னீங்க. சர்க்கரை அங்க சர்க்கரைன்னே பேரு போட்டுக்கிட்டு வராது, சிரப்புன்னு வரும், டெக்ஸ்ட்ரோஸ்னு வரும், மால்ட்னு வரும்னு சொன்னீங்க. இன்னொண்ணும் சொன்னீங்க. புளிப்பும் உப்பும் காரமும் பக்கத்துல நின்னா நாக்கு ஏமாந்து போயிடும்னு. நாக்குல இனிப்பே தெரியாம, ரத்தத்துக்குள்ள போனதும் சர்க்கரையா மாறுற மாவும் உண்டுன்னு. பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டாங்க. நான் கடைசி வரிசை. டப்பாவுல போட்டிருக்கிற பிரெஞ்சு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனா காதுல விழுந்தது ஒண்ணு கூட வீண் போகல.

நாபு அன்னைக்கே வீட்டுக்கு வந்து வேட்டையை ஆரம்பிச்சுட்டா. அலமாரியில இருந்த சாஸ் போச்சு, சூப் கட்டி போச்சு, பாக்கெட் ஜூஸ் போச்சு. கடைக்காரன்கிட்ட நின்னு ஒவ்வொரு டப்பாவா வாங்கிப் படிச்சுப் படிச்சுத் திருப்பிக் கொடுப்பா. அவனுக்கே அலுத்துப் போச்சு. ஆனா பலன் தெரிஞ்சது. அவரு காலையில விரல்ல குத்திச் சுகர் பார்ப்பாரில்ல, மாடியில எந்திரிக்கிற நாள்ல நல்லா இருக்கும். கீழ எந்திரிக்கிற நாள்ல ஏறியிருக்கும். நான் பழைய பழக்கத்துலயே சமைச்சுக்கிட்டிருந்தேன். ருசி குறையக் கூடாதுன்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

ஒரு நாள் எல்லாரும் தாம்பாளத்தைச் சுத்தி உக்காந்திருக்கிறப்ப அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு:

"பெந்தா சோறு நாக்குக்கு. நாபு சோறு உடம்புக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மீன்ல நல்ல துண்டாப் பிச்சு அவரு பக்கம் நகர்த்தி வெச்சேன். அவரு வேடிக்கையாத்தான் சொன்னாரு, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனா யோசிச்சுப் பாருங்க. அழகு எப்பவோ போச்சு. வயசும் போச்சு. என்கிட்ட மிச்சம் இருந்தது சோறு ஒண்ணுதான். அதையும் எடுத்து அவ கையில கொடுத்துட்டாரு.

நான் வீம்புக்காரி. அவளுக்கு வர்றது எனக்கு வராதான்னு இறங்கினேன். டப்பாவைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு ஒவ்வொரு எழுத்தாக் கூட்டிப் படிச்சேன். சூப் கட்டிக்குப் பதிலாக் கருவாடு போட்டேன், புளியைக் கூட்டினேன், சர்க்கரை போடாம பிஸ்ஸாப் பூச் சர்பத் பண்ணப் பழகினேன். கொஞ்ச நாள்ல என் ரூம்ல எந்திரிக்கிற நாள்லயும் அளவு இறங்கிடுச்சு. நீங்களே எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, ரெண்டு பொண்டாட்டியும் சேர்ந்து ஒரு மனுஷனைத் தேத்திட்டீங்கன்னு பாராட்டினீங்க. எனக்கு அன்னைக்குப் பெருமை தாங்கல. பொய் சொல்லல, அன்னைக்கு நான் நல்லவளாத்தான் இருந்தேன்.

அவரு தொப்பை கரைஞ்சுது. முகம் தெளிஞ்சுது. முன்னெல்லாம் பாதிப் படியில நின்னு மூச்சு வாங்குவாரு. அதுக்கப்புறம் ஒரே மூச்சுல ஏறினாரு.

மீன்காரி சலிமாட்டாவைத் தெரியுமில்ல. அவ எங்களுக்குக் கேலி முறை. அவ குலம் எங்க குலத்தை என்ன வேணா சொல்லலாம், நாங்களும் திருப்பிச் சொல்லலாம், யாரும் கோபப்படக் கூடாது. அவகிட்ட மீன் வாங்க நின்னப்ப, சந்தை மொத்தமும் கேக்குற மாதிரிச் சொன்னா:

"ஏண்டி பெந்தா, உன் புருஷன் மாடிப்படியில ரெண்டு ரெண்டாத் தாவுறானாமே. பக்ரீத் ஆட்டுக்குக் கூட இந்தத் தெம்பு இல்ல. தீனி போட்டுத் தேத்தினது நீ, விருந்து மேல இருக்கிறவளுக்கா?"

நானும் விடல. உங்க குலத்துக்குத் திங்கிறதைத் தவிர வேற நினைப்பே வராதான்னு திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் கைதட்டிச் சிரிச்சாங்க. காசு கொடுத்துட்டு மீனை வாங்கிக்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உக்காந்தவ எந்திரிக்கல. மீன் வெயில்ல கிடந்து நாறினதுக்கு அப்புறம்தான் எனக்குச் சுயநினைவே வந்துச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா அவ மூஞ்சியில காறித் துப்பியிருப்பேன். கேலி முறைக்காரி சொன்னா துப்ப முடியாது. முழுங்கத்தான் வேணும்.

அவ சொன்னதுல பொய் என்ன இருக்கு, சொல்லுங்க. எழுத்துக் கூட்டிப் படிச்சு, நாக்கைக் கட்டி, கருவாடு கழுவி, ஒரு மனுஷனைத் திரும்ப வாலிபனாக்குறேன். ஆக்கி, சீவிச் சிங்காரிச்சு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மேல அனுப்பி வைக்கிறேன். மேல இருந்து சிரிப்புச் சத்தம் வருது. கீழ நான் பாத்திரம் கழுவுறேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டேன். முடிவுன்னு தனியா ஒண்ணு வரல. அவருக்குக் காலையில மிளகு மணக்கத் தூபா காபி வேணும், அதுல பால்பவுடர் வேணும். நாபு அவ முறைக்குன்னு ஒரு டப்பா வாங்கிக் கீழ அடுப்படி அலமாரியில வெச்சிருப்பா. பின்பக்கம் படிச்சுப் பார்த்து வாங்கினது, பாலைத் தவிர வேற எதுவும் இல்லாதது. சந்தையில அளந்து விக்கிற வெள்ளைப் பவுடர் இருக்கே, பால்னு பேரு, பாதிக்கு மேல எண்ணெயும் சிரப்பும், நீங்க வகுப்புல காட்டித் திட்டினது, அதையும் வாங்கி வீட்ல வெச்சிருந்தேன். வர்றவங்க டீக்கு ஆகும்னு. ஒரு நாள் நாபு டப்பாவுல கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நிரப்பி வெச்சேன். அவ்வளவுதான்.

அப்புறம் அடிக்கடி நிரப்பினேன். ஒரே நாள்ல மாத்தினா நாக்கு பிடிச்சுடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா மாத்தினேன். மிளகுக் காரத்துல அவருக்குத் தெரியல. சாயங்காலம் கம்புச் சோத்துக்கு அவ ஊத்துற தயிர்லயும், அவருக்குன்னு எடுத்து வெக்கிற கிண்ணத்துல மட்டும், நீங்க வகுப்புல சொன்ன அந்த இனிக்காத மாவை வாங்கிக் கரைச்சு விட்டேன். தயிர்ப் புளிப்பு இருந்துச்சில்ல, அதுவும் தெரியல. நீங்க சொன்னது அத்தனையும் சரி நர்ஸம்மா. ஒரு சொல்லு கூடத் தப்பாகல.

என் முறையில நான் எதையும் கலக்கல. என் டப்பா சுத்தம், என் தயிர் சுத்தம். எனக்கு வர்ற நாள்ல அவருக்கு நல்ல சாப்பாடுதான் போட்டேன். அந்த விஷயத்துல என்னை யாரும் குத்தம் சொல்ல முடியாது.

மாடியில எந்திரிக்கிற நாள்ல அளவு ஏற ஆரம்பிச்சுது. முதல்ல மெஷின் கெட்டுப் போச்சுன்னாரு. அப்புறம் நாபுவை முறைச்சாரு. ஒரு நாள் படியில நின்னுக்கிட்டே, என்னத்தைப் போட்டுத் தொலைக்கிறன்னு கத்தினாரு. தெரு முழுக்கக் கேட்டுச்சு. அவ ஆடிப் போயிட்டா. சோத்தைக் குறைச்சா, மாம்பழத்தை நிறுத்தினா, தானும் சரியாச் சாப்பிடாம இளைச்சா. கடைசியில என்கிட்டதான் வந்தா.

"அக்கா, எங்க தப்புப் பண்றேன்னு எனக்கே தெரியல. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்."

அவகூட அலமாரி முன்னாடி நின்னு எல்லா டப்பாவையும் எடுத்துப் பின்பக்கம் படிச்சுக் காட்டினேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு, மனசுல கவலை இருந்தாலும் சுகர் ஏறும்னு சொல்றாங்க, நீ அவரைக் கவலைப்பட வைக்காம இருன்னு சொன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. எனக்குக் கூடக் கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு.

அந்தச் சமயத்துல அவரு ஒரு வார்த்தை சொன்னாரு. கீழ வந்தாத்தான் உடம்பு லேசாகுதுன்னு. எத்தனையோ வருஷம் கழிச்சு எனக்குக் கிடைச்ச நல்ல வார்த்தை. அதோட நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன். ஆனா திட்டுறது திட்டினாலும் அவரு மேல போறதை விடல. காலையில திட்டுவாரு, சாயங்காலம் சமாதானம் பண்ணப் போவாரு. அவ முறைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஏறிடுவாரு. அழுதவளைச் சிரிக்க வைக்கிற சத்தம் இருக்கே, அது சும்மா சிரிக்கிற சத்தத்தை விட மோசம்.

அந்தப் புண்ணை முதல்ல பார்த்தது நான்தான். தொழுகைக்குக் கால் கழுவ நான் தண்ணி ஊத்தினப்ப, வலது குதிகால்ல, செருப்பு வார் உரசின இடத்துல, சின்னதா இருந்துச்சு. அவருக்கு வலியே இல்ல. சுகர்காரங்களுக்குக் கால்ல வலி தெரியாது, தினம் பாருங்க, புண்ணு கண்டா அன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு. எனக்கு மறதி கிடையாது. புண்ணுக்குப் போடுற ஷியா வெண்ணெயை மட்டும் தடவினேன், துணி சுத்தினேன், மேல காலுறை மாட்டி விட்டேன்.

"நாபுகிட்டக் காட்டாதீங்க. பயந்து ஊரைக் கூட்டிடுவா. ஆஸ்பத்திரியில வண்டி ஓட்டக் கூடாதுன்னு உக்கார வெச்சிடுவாங்க."

அவருக்கும் அதுதான் வேணும். தலையை ஆட்டினாரு. மாடிக்குப் போறப்பல்லாம் காலுறையோடயே போனாரு. குளிரடிக்குதுன்னு சொல்லிக்கிட்டாராம். என் முறை வர்றப்ப நான் அவிழ்த்துப் பார்ப்பேன். பெருசாகிக்கிட்டே இருந்துச்சு. நான் வெண்ணெயை மாத்தல. அது எங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம், நாபுவுக்குத் தெரியாத விஷயம். அப்படி ஒண்ணு எனக்கு அவர்கிட்ட ரொம்ப நாளா இல்லாம இருந்துச்சு.

கடைசியில வாசனை காட்டிக் கொடுத்துடுச்சு. அவ சாம்பிராணியையும் மீறி நாறியிருக்கு. நாபு காலுறையை உருவிப் பார்த்துட்டு அலறின அலறல் எனக்குக் கீழ கேட்டுச்சு. அவதான் உங்களைத் தேடி ஓடி வந்தா, அவதான் டக்கார் ஆஸ்பத்திரி வரைக்கும் அவரு காலை மடியில வெச்சுக்கிட்டுப் போனா. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. நானும் அழுதேன். நடிச்சு அழல. அவரு என் புருஷன், இருபத்தஞ்சு வருஷம் அந்தக் காலுக்கு நான் தண்ணி ஊத்தியிருக்கேன்.

வீட்டுக்கு வந்தப்ப மாடிப்படிதான் பிரச்சினை. இமாமும் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் தம்பிங்களும் இதே கூடத்துல உக்காந்து பேசினாங்க. நாலு பேரு தூக்கிட்டுப் போய் மேல விடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. தெருவே வேடிக்கை பார்க்க என்னை மூட்டை மாதிரித் தூக்குவீங்களான்னு அவரு சீறினாரு. கூடத்துல கட்டில் போடலாம்னாங்க. வர்றவங்க போறவங்க செருப்பு விடுற இடத்துல புருஷன் பொண்டாட்டி எப்படிப் படுப்பாங்கன்னு நான் கேட்டேன். நியாயமான கேள்விதானே. அப்ப நாபு கீழ வந்து பெந்தா ரூம்ல அவ முறையைக் கழிக்கட்டும்னு யாரோ ஆரம்பிச்சாங்க. நான் மெதுவாத்தான் சொன்னேன், சக்களத்தி கட்டில்ல போய்ப் படுன்னு ஒரு நல்ல குடும்பத்துப் பொண்ணைச் சொல்லி அவளை அவமானப்படுத்தாதீங்கன்னு. எல்லாரும் தலை குனிஞ்சுக்கிட்டாங்க.

நாபு எந்திரிச்சு, தன் முறையைத் தானே மனசார அக்காவுக்கு விட்டுக் கொடுக்கிறதாச் சொன்னா. மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு, இமாமும் சரின்னாரு. தன் சமையலாலதான் இந்தக் கதி, தனக்கு முறை கேக்குற தகுதி இல்லன்னு அவ சொன்னா. யாரும் இல்லன்னு மறுக்கல. நானும் மறுக்கல.

அன்னையில இருந்து எல்லா நாளும் என் முறை. அவருக்கு நான்தான் சமைக்கிறேன், நான்தான் குளிப்பாட்டுறேன், நான்தான் விரல்ல குத்திப் பார்க்கிறேன். அளவு எவ்வளவு நல்லா இருக்குன்னு நீங்களே வந்து பார்த்துட்டு ஆச்சரியப்பட்டீங்க. அவருக்கு நான் ஒரு கெடுதல் கலக்கல. கலக்க வேண்டிய அவசியம் இல்ல. டாக்ஸியை வித்தாச்சு, அதனால என்ன, பட்டினி கிடக்கல. எனக்கு இவ்வளவு போதும்னு நினைச்சேன். மேல சிரிப்புச் சத்தம் இல்லாம, குறட்டைச் சத்தத்தோட, நிம்மதியாத் தூங்கினேன்.

ஆனா இப்பல்லாம் அவரு தூங்கறதில்ல நர்ஸம்மா. மல்லாக்கப் படுத்துக்கிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டே இருக்காரு. மேல அவ நடந்தா இவரு கண்ணு கூடவே நடக்குது. அவ உக்காந்தா நிக்குது. பேச்சுக் கொடுத்தா, ம்னு சொல்றாரு. நான் பக்கத்துல இருக்கேன், கை எட்டுற தூரத்துல, எல்லா நாளும் இருக்கேன்.

நாபு தினம் மத்தியானம் இறங்கி வந்து என் ரூம் வாசப்படிக்கு வெளிய உக்காருவா. உள்ள வர மாட்டா, மரியாதை தெரிஞ்சவ. உக்காந்து அழுவா. போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்ச நேரம் நான் அடுப்படியில இருந்தேன். அவரு அவகிட்டப் பேசுறது கேட்டுச்சு.

"அழாத புள்ள. நீ தெரியாமத்தானே பண்ணின. நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன். இன்னொரு கால் போயிருந்தாலும் மன்னிச்சிருப்பேன். நீ என் உசுரு."

அவரு குரல் உடைஞ்சுது. அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்ல. அவரு அம்மா செத்தப்பக் கூட அழல, கால் போனப்பக் கூட அழல. கையில இருந்த கரண்டியோட அப்படியே நின்னேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட அவரு அப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல. ஏன் பேசலன்னு யோசிச்சுப் பார்த்தேன். நான் அவருக்கு மன்னிக்க ஒண்ணுமே கொடுக்கல. சோறு கரெக்டா இருக்கும், துணி கரெக்டா இருக்கும், முறை கரெக்டா இருக்கும். மூத்தவன்னா பெந்தா மாதிரின்னு பேரு. குத்தமே இல்லாதவகிட்ட ஒரு ஆம்பளை எதுக்குக் கண்ணீர் விடப் போறான்.

இப்பச் சொல்லுங்க, அந்த மன்னிப்பு யாருக்குச் சேர வேண்டியது? டப்பாவை நிரப்பினது நான். தயிர்ல கரைச்சது நான். காலுறை மாட்டி விட்டது நான். அவ ஒரு துரும்பைக் கூட அசைக்கல. ஒண்ணுமே பண்ணாம அதையும் வாங்கிட்டுப் போயிட்டா. மாடியைக் கொடுத்தேன், சிரிப்பைக் கொடுத்தேன், இதைக் கொடுக்க முடியாது. நான் பயந்துக்கிட்டுச் சொல்றேன்னு நினைக்காதீங்க, மனசு உறுத்திச் சொல்றேன்னும் நினைக்காதீங்க. எனக்கு உறுத்தல.

டீயை அப்படியே வெச்சிருக்கீங்க. சரி, விடுங்க. போலீஸ்கிட்டப் போறதுன்னா அப்புறம் போங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன். அவரு உள்ளதான் இருக்காரு, முழிச்சுத்தான் இருப்பாரு. நீங்க கூட வந்து நின்னா ஆதியில இருந்து ஒழுங்காச் சொல்லிடுவேன். ஒண்ணுமே பண்ணாதவளுக்கே அவ்வளவு கண்ணீர் விட்டாருன்னா, எல்லாத்தையும் அவருக்காகவே பண்ணின எனக்கு எவ்வளவு விடுவாரு, வந்து உங்க கண்ணாலயே பாருங்க.